மத்தியும் பிச்சியும்

கைப்பேசியால் சிறு வணிகம் வளருமா என்று ஐயுறும் நண்பர்களுக்கு, வடகேரளத்து மத்தி மீனையே சான்றாகக் காட்டுவேன். 1997 சனவரி 14-ஆம் நாள் காலை, வடகரைக் கடற்கரையில் பதினொரு மீனவர்கள், வாங்குவாரின்றி, பிடித்த மீனைக் கொட்டிவிட இருந்தனர். அதே வேளையில், 15 கிலோமீட்டருக்குள் இருந்த வேறிரண்டு சந்தைகளில் 27 வணிகர்கள் மீன் கிடைக்காமல் திரும்பவிருந்தனர்! பொருளியலறிஞர் இராபர்ட் சென்சன் 2007-இல் வெளியிட்ட ஆய்வில் கூறும் செய்தி இது.

அடுத்த கரையின் விலை கடலில் இருப்பவனுக்கு எப்படித் தெரியும்? எண்ணெய் செலவழித்துத் தேடிப் போவதற்குள் சந்தை கலைந்துவிடும். 1997 முதல் கோழிக்கோடு, கண்ணூர், காசர்கோடு எனக் கைப்பேசிக் கோபுரங்கள் படிப்படியாக எழுந்தன. மீனவர் படகிலிருந்தே விலை கேட்டுக் கரையைத் தெரிந்தெடுத்தனர். முன்பு 5 முதல் 8 விழுக்காடு வரை வீணான மீன், பின்னர் வீணாகவே இல்லை. மீனவர் ஆதாயம் 8 விழுக்காடு உயர்ந்தது. மீனின் விலையோ 4 விழுக்காடு இறங்கியது. கடலில் மீன் பெருகாமலே இது நடந்தது என்பதுதான் இயற்பியல் மாணவனான எனக்கு வியப்பு.

என் தந்தையார் தோவாளையிலிருந்து திருவனந்தபுரத்துக்குப் பூ அனுப்புகிறார். பிச்சிப்பூவும் மத்தியைப் போல் மறுநாளுக்கு நில்லாது. சாலைக் கடைத்தெரு விலையை நான் நாள்தோறும் அழைத்துச் சொல்கிறேன். ஆனால், அவர் ஒரு தரகரிடம் முன்பணம் வாங்கியவர். வேறிடம் விற்க முடியாது. “தெரிஞ்சு என்ன செய்ய, மக்களே?” என்கிறார். சென்சனின் மீனவருக்கு இக்கட்டு இல்லை போலும்!

இப்போது பூப்பணம் யுபிஐ வழியே வருகிறது. ஒவ்வொரு வரவும் வங்கிக் கணக்கில் பதிவாகிறது. ஓராண்டுக் கணக்கை அச்சிட்டு வைத்திருக்கிறேன். முன்பணத்தை அடைக்கக் கடன் கேட்டு, வரும் திங்களன்று இருவரும் வங்கிக்குப் போகிறோம்.