தள்ளுவண்டிக்கு வண்ணம் பூசுதல்

இரும்பு, நீர், காற்று ஆகிய மூன்றும் ஒன்றுகூடும் இடத்தில் துரு தோன்றுகிறது. மும்பை போன்ற கடற்கரை நகரங்களில் அது இன்னும் விரைவாக வளரும். கடற்காற்றில் கலந்துள்ள உப்பு இரும்பின்மேல் படிந்து, ஈரத்தில் கரைந்து, துருப்பிடித்தலை விரைவுபடுத்துகிறது. சாலையோரத்தில் இட்டிலி விற்கும் தள்ளுவண்டிக்கோ இவை போதாவென்று அடுப்பின் ஆவி, தட்டுக் கழுவும் நீர், சிந்தும் சாம்பார் எனப் பகைவர் பலர்.

மும்பையின் தாராவியில் வாழும் ஒரு தமிழ்க் குடும்பத்திடம் அத்தகைய வண்டி ஒன்று இருந்தது. பாட்டனார் காலத்தில் திருநெல்வேலிச் சீமையிலிருந்து அங்குக் குடியேறியவர்கள் அவர்கள். வண்டி ஆறடி நீளமும் மூன்றடி அகலமும் உடையது. இரும்புக் குழாய்களால் ஆன சட்டம், சுற்றிலும் இரும்புத் தகடு, மேலே எவர்சில்வர் பதித்த பலகை, நான்கு சக்கரங்கள், இவ்வளவுதான். ஆனால் வீட்டு வாடகையும் இரு பிள்ளைகளின் படிப்பும் அந்த நான்கு சக்கரங்களின் மேல்தான் ஓடிக்கொண்டிருந்தன.

முந்தைய ஆண்டு அவ்வண்டிக்கு ஒருவர் கூலி பெற்று வண்ணம் பூசினார். அரை நாளில் வேலை முடிந்தது. வண்டி பளபளத்தது. தீபாவளி வருவதற்குள் தகடெங்கும் கொப்புளங்கள் எழுந்தன. கொப்புளத்தை விரலால் அழுத்தினால் வண்ணத்தோல் உடைந்து பழுப்புநிறத் தூள் கொட்டியது. பழைய துருவை நீக்காமல் அதன்மேலேயே வண்ணம் பூசியதால் நேர்ந்த விளைவு அது. அந்த வண்ணம் இரும்பைப் பற்றியிருக்கவில்லை, துருவைப் பற்றியிருந்தது. இரும்பு துருவாக மாறும்போது முன்னைவிட மிகுதியான இடத்தை அடைத்துக்கொள்ளும். உள்ளே துரு பெருகப் பெருக, மேலுள்ள வண்ணத்தோலைத் தூக்கிக் கிழித்துவிடும். கிழிந்த இடத்தின் வழியே மீண்டும் நீர் புகும்.

மும்பையில் பருவமழை வழக்கமாக ஜூன் 11ஆம் நாளையொட்டித் தொடங்கும். அதற்கு முன்பே வண்டியைச் சீர்செய்யவேண்டும் என்று தந்தை மே மாத விடுமுறையில் முடிவு செய்தார். "இந்த முறை நாமே செய்வோம். நான்கு நாள் போதும்" என்றார்.

"நான்கு நாள் வண்டி நின்றால் சனிக்கிழமைத் தவணைக்கு என்ன செய்வது?" என்று தாய் கேட்டார்.

அக்கேள்விக்குத் தந்தையிடம் விடை இல்லை. ஆச்சிதான் ஒரு வழி சொன்னார்: அண்டாவையும் இட்டிலிப் பானையையும் வாசலில் வைத்து விற்பது. தெருவில் உள்ளவர்கள் வாங்குவார்கள். பாதி வருவாயேனும் கிடைக்கும்.

முதல் நாள் கழுவும் வேலை. எட்டாம் வகுப்பில் படிக்கும் மகள் உப்புத்தாளை எடுத்துத் தேய்க்கத் தொடங்கியபோது தந்தை தடுத்தார். எண்ணெய்ப் பிசுக்கை முதலில் நீக்காமல் தேய்த்தால், அப்பிசுக்கு இரும்பின் நுண்ணிய கீறல்களுக்குள் பரவிவிடும். பிறகு எந்த வண்ணமும் அங்கு ஒட்டாது. ஆகவே சவர்க்காரம் கரைத்த சுடுநீரால் வண்டியின் மேற்புறம், அடிப்புறம், இடுக்குகள் அனைத்தும் கழுவப்பட்டு வெயிலில் உலர்ந்தன.

உலர்ந்தபின் சுரண்டும் வேலை தொடங்கியது. வண்ணம் பூசுதல் என்னும் தொழிலில் பெரும்பகுதி உண்மையில் சுரண்டுதலே. உதிரும் வண்ணத்தைத் தகட்டுச் சுரண்டியாலும், துருவைக் கம்பித் தூரிகையாலும் நீக்கினர். பிறகு உப்புத்தாள். பெயரில் உப்பு இருந்தாலும் அத்தாளில் உப்பு இல்லை. கடினமான நுண்மணிகள் ஒட்டப்பட்ட தாள் அது. அதன் பின்புறத்தில் 60, 120, 220 என எண்கள் அச்சிடப்பட்டிருக்கும். எண் கூடக்கூட மணிகள் நுண்மையாகும். துரு மிகுந்த இடத்தை 60ஆம் எண் தாளால் தொடங்கி, 120ஆம் எண் தாளால் சமன்செய்வர். துரு இல்லாத இடத்தில் பழைய வண்ணம் உறுதியாக ஒட்டியிருந்தால் அதை முழுவதும் நீக்கவேண்டியதில்லை; அதன் பளபளப்பு மங்கும்வரை தேய்த்தால் போதும்.

ஐந்தாம் வகுப்பில் படிக்கும் மகனும் தேய்க்க ஓடிவந்தான். "நீ தள்ளி நில் ஐயா" என்று ஆச்சி அவனைப் பிடித்து இழுத்தார். பழைய மஞ்சள், சிவப்பு வண்ணங்களில் ஈயம் கலந்திருக்கக்கூடும். ஈயத்தூள் மூச்சின் வழியாகவோ விரலின் வழியாகவோ உடலுக்குள் சென்றால் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். பெரியவர்களைவிடச் சிறுவர்களுக்கே அதனால் கேடு மிகுதி. எனவே பழைய வண்ணம் உள்ள இடங்களை நீர் தாங்கும் தாளால் நனைத்துத் தேய்த்தார் தந்தை. தூள் பறக்காமல் சேறாக வழிந்தது. அதனைத் துணியால் துடைத்துத் தனியே கட்டிவைத்தார். மகனுக்கு வேறு வேலை தரப்பட்டது: முகம்பார்க்கும் கண்ணாடியைத் தரையில் வைத்து, வண்டியின் அடிப்புறத்தில் துரு எங்கெங்கே உள்ளது என்று பார்த்துச் சொல்வது.

அவன்தான் முதலில் கண்டான். பின்பக்க இடக்காலில், சக்கரத்திற்குச் சற்று மேலே, நிலப்படம்போல் ஒரு கறை. தந்தை சிறு சுத்தியலால் மற்ற மூன்று கால்களையும் தட்டினார், கணீரென்று ஒலித்தன. நான்காம் கால் மந்தமாக ஒலித்தது. ஆணி ஒன்றை வைத்து அழுத்தினார். ஆணி குழாயின் உள்ளே போயிற்று.

சிறிதுநேரம் ஒருவரும் பேசவில்லை. அந்தக் காலுக்கு நேர்மேலேதான் கொதிக்கும் சாம்பார் அண்டா இருக்கும். வண்டியைச் சுற்றி எந்நேரமும் மக்கள் நிற்பர். பள்ளி செல்லும் பிள்ளைகளும் நிற்பர்.

ஓட்டையைப் பட்டி வைத்து அடைத்து மேலே வண்ணம் பூசினால் வெளியே தெரியாது. மழைக்காலம் முழுதும் அது தாங்கினாலும் தாங்கலாம். வெல்டிங் பட்டறைக்குக் கொண்டுசென்றால் ஒரு நாள் கூடும். தவணைக்கென வைத்திருந்த பணமும் கரையும். தந்தை ஆணியைக் கையில் உருட்டிக்கொண்டே நின்றார். தாய் உள்ளே சென்று அரிசிப்பானைக்குள் வைத்திருந்த சிறுவாட்டுப் பணத்தை எடுத்துவந்து அவர் கையில் கொடுத்தார். "அந்தக் காலை வெட்டி எடுக்கச் சொல்லுங்கள்" என்றார்.

இரண்டாம் நாள் பட்டறையில் கழிந்தது. அரித்த பகுதியை அறுத்தபோது குழாயின் உட்புறம் வெளிப்புறத்தைவிட மோசமாக இருந்தது. குழாயின் மேல்முனை திறந்திருந்ததால் கழுவுநீர் உள்ளே இறங்கி அடியில் தேங்கியிருக்கிறது. பட்டறைக்காரர் புதிய குழாயைப் பற்றவைத்து, மேல்முனையைத் தகட்டால் மூடி, அடியில் மட்டும் சிறு துளை இட்டார். எப்படியேனும் நீர் புகுந்தாலும் வடிந்துவிட வேண்டும் அல்லவா?

மூன்றாம் நாள் காலையில் மகள் வண்டியைப் பார்த்துத் திகைத்தாள். தேய்த்து வெண்மையாக்கிய இரும்பில் இளஞ்செம்மை படர்ந்திருந்தது. "ஒரே இரவுக்குள் துருவா, அப்பா?" என்றாள். மூடப்படாத இரும்பு மும்பையின் ஈரக்காற்றில் ஓரிரவுகூடத் தாங்காது. ஆகையால் தேய்த்த நாளிலேயே அடிப்பூச்சு இடவேண்டும் என்பது இத்தொழிலின் முதல் விதி. வெல்டிங் வேலையால் அவ்விதி தவறிற்று. மீண்டும் ஒருமுறை தேய்த்து, தின்னரில் நனைத்த துணியால் துடைத்து, உடனே ரெட் ஆக்சைடு அடிப்பூச்சைப் பூசினர்.

அந்தச் செந்நிறம் எதனால் வருகிறது என்பதை அறிந்தால் வியப்பு உண்டாகும். அதுவும் இரும்பு ஆக்சைடுதான். துருவுக்கு நெருங்கிய உறவு. ஆயினும் அது ஏற்கெனவே முழுதும் மாற்றம் அடைந்து நிலைபெற்ற பொருள். எண்ணெய்ப் பசையில் குழைந்து இரும்பைப் பற்றிக்கொள்ளும். துருவோ பஞ்சுபோல் நீரை உறிஞ்சி வைத்துக்கொள்ளும்.

எல்லா இரும்பும் இவ்வாறு மாய்வதில்லை என்பதும் இங்கு அறியத்தக்கது. தில்லியில் குதுப்மினார் வளாகத்தில் நிற்கும் இரும்புத்தூண் ஏறத்தாழ 1600 ஆண்டுகள் பழமையானது. அதிலுள்ள மிகுதியான பாஸ்பரஸ், தூணின்மேல் மெல்லிய காப்புப்படலம் உருவாகத் துணைசெய்தது என்று ஆய்வாளர் கூறுவர். எவர்சில்வரில் கலந்துள்ள குரோமியமும் அத்தகைய படலத்தை உண்டாக்குகிறது. சாதாரண இரும்புக்கு அப்பேறு இல்லை. இராமேசுவரத் தீவை நாட்டோடு இணைக்க 1914ஆம் ஆண்டு திறக்கப்பட்ட பாம்பன் தொடர்வண்டிப் பாலம் உப்புக்காற்றின் நடுவே நூறாண்டு கடந்து உழைத்தது. அதன் இரும்பை இடைவிடாது வண்ணம் பூசிப் பேணவேண்டியிருந்தது.

அன்று மாலை எதிர்பாராமல் ஒரு கோடைமழை பெய்தது. நால்வரும் ஓடிச்சென்று நெகிழித் தாளை விரித்தனர். ஈரப்பூச்சின்மேல் படாதவாறு அதைக் கயிற்றில் தூக்கிக்கட்டினர். ஒரு மூலை மட்டும் தகட்டில் ஒட்டித் தடம் பதித்தது.

நான்காம் நாள் அத்தடத்தைத் தேய்த்துச் சரிசெய்தபின் எனாமல் வண்ணத்தின் முதற்பூச்சு. மகன் தீயணைப்பு வண்டியின் சிவப்பைக் கேட்டான். மகள் இலைப்பச்சை கேட்டாள். வாழையிலையின் நிறம் இட்டிலிக்கு ஏற்றது என்று ஆச்சி தீர்ப்பளித்தார். கடையில் தந்தை நிறத்தைப் பார்ப்பதற்கு முன் தகரக்குவளையின் மேலுள்ள எழுத்துகளைப் படித்தார். 2016ஆம் ஆண்டு இந்திய அரசு வகுத்த விதியின்படி, வீட்டுப் பயன்பாட்டு வண்ணங்களில் ஈயம் பத்து இலட்சம் பங்கில் 90 பங்குக்கு மேல் இருத்தல் கூடாது. தொழிற்சாலைப் பயன்பாட்டு வண்ணங்கள் அவ்விதிக்குள் அடங்கா. ஆகவே மலிவாகக் கிடைத்த வேறொரு குவளையை அவர் திருப்பித் தந்துவிட்டார். உணவு படும் பலகையில் எந்த வண்ணமும் பூசுவதில்லை. அடுப்பைச் சுற்றியுள்ள தகட்டுக்குச் சாதாரண எனாமல் ஆகாது, கருகி உரியும். அங்கு வெப்பம் தாங்கும் அலுமினிய வண்ணம் பூசினர். சக்கர அச்சும் திருகாணிகளின் மரைகளும் செய்தித்தாள் சுற்றி மறைக்கப்பட்டன.

அடிப்புறத்தை முதலில் முடித்துப் பின்னரே வெளிப்புறத்திற்கு வந்தனர். விரைவில் முடிக்க எண்ணி மகள் ஒரு பக்கத்தில் கெட்டியாகப் பூசினாள். மறுநாள் அவ்விடம் மட்டும் கிழவியின் கன்னம்போல் சுருங்கியிருந்தது. எனாமல் வண்ணம் தின்னர் ஆவியாவதால் மட்டும் உலர்வதில்லை. காற்றிலுள்ள ஆக்சிசனை ஏற்று இறுகுகிறது. கெட்டியாகப் பூசினால் மேற்பகுதி முதலில் தோலாக இறுகிவிடும்; அடிப்பகுதிக்குக் காற்று எட்டாது. இரும்பை அழிக்கின்ற அதே ஆக்சிசன் வண்ணத்தை இறுகச்செய்து இரும்பைக் காக்கிறது! சுருங்கிய பகுதியைச் சுரண்டி, ஐந்தாம் நாள் காலை வெயில் ஏறுமுன் இரண்டாம் பூச்சை மெலிதாக இட்டனர்.

ஆறாம் நாள் எழுத்து வேலை. ஒருபக்கம் தமிழிலும் மறுபக்கம் மராத்தியிலும் 'இட்டிலி' என்று எழுதவேண்டும். மராத்தி எழுத்துகளைப் பிள்ளைகள் இருவரும் தடையின்றி எழுதினர். தமிழில் எழுதும்போது மகன் 'ட்' என்னும் எழுத்துக்குப் புள்ளி வைக்க மறந்தான். "வாங்குபவர்களுக்கு எப்படியும் தெரியும்" என்றான். ஆச்சி தூரிகையை வாங்கித் தாமே அப்புள்ளியை வைத்தார். அவர் எழுதிப் பார்த்தது நெடுங்காலத்திற்குப்பின் அதுவே முதன்முறை.

வண்ணவாடை உணவில் ஏறும் என்பதால் இன்னும் ஒருநாள் வண்டி வெயிலில் நின்றது. நான்கு நாள் வேலை ஏழு நாள் ஆயிற்று. எட்டாம் நாள் விடியலில் தந்தை சக்கரங்களுக்கு மசகு இட்டு, அண்டாவை இடப்பக்கக் காலுக்கு மேலேயே ஏற்றிவைத்தார். ஒருமுறை அசைத்துப் பார்த்தார். பிறகு தள்ளிக்கொண்டு புறப்பட்டார்.

சொற்பொருள்
சவர்க்காரம் – சோப்பு
தவணை – பகுதி பகுதியாகச் செலுத்தும் கடன்தொகை
சிறுவாடு – வீட்டுச் செலவில் மிச்சம்பிடித்துச் சேர்த்த பணம்
மரை – திருகாணியில் உள்ள சுற்றுவரி
மசகு – உராய்வைக் குறைக்க இடும் நெய்ப்பொருள்

வினாக்கள்
1. முந்தைய ஆண்டு பூசிய வண்ணம் ஏன் கொப்பளித்தது?
2. பழைய வண்ணத்தை நனைத்துத் தேய்த்ததன் காரணம் யாது?
3. காலின் ஓட்டையைப் பட்டியால் அடைத்திருந்தால் என்ன நேர்ந்திருக்கலாம்? நான்கு வரிகளில் எழுதுக.
4. 'கணீர்' என்பது ஒலிக்குறிப்புச் சொல். இதுபோன்ற மூன்று சொற்களை எழுதி, வாக்கியத்தில் அமைக்க.

செயல்பாடு
வீட்டிலோ பள்ளியிலோ துருப்பிடித்த பொருள் ஒன்றைக் கண்டு, நீர் எவ்வழியாக அங்குச் சேர்கிறது என்பதை வீட்டுப் பெரியவரிடம் தமிழில் விளக்கிச் சொல்க. அவர் அப்பொருளுக்கும் அதன் உறுப்புகளுக்கும் வழங்கும் பெயர்களைக் கேட்டுக் குறிப்பேட்டில் எழுதுக.