நாலு அலை, ஒரு கடல்

போன செமஸ்டரில் ஒரு ஃப்ரீ பீரியட். கிளாஸ் ரெப் தேர்தல் பற்றி அரட்டை ஓடிக்கொண்டிருந்தது. பேச்சு எங்கெங்கோ போய், கடைசியில் பின் பெஞ்சிலிருந்து ஒரு நண்பன் கேட்டான்: "ஓட்டு இருக்கு, படிப்பு இருக்கு, கேம்பஸ்ல வேலையும் கிடைக்குது. இன்னும் எதுக்குப் பெண்ணியம், பெண்ணியம்னு பேசிக்கிட்டு இருக்கீங்க?" அவன் கிண்டலாகக் கேட்கவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டான். எனக்கும் அன்றைக்குச் சரியாகப் பதில் சொல்லத் தெரியவில்லை. ஸ்டடி ஹாலிடேஸில் படிக்க வேண்டியதை விட்டுவிட்டு இதைப் படித்தேன். படித்ததை இங்கே வரிசையாகச் சொல்லிவிடுகிறேன். பதில் கடைசியில்.

அலை என்ற பெயர்

பெண்ணிய வரலாற்றை நாலு அலைகளாகப் பிரித்துச் சொல்வது வழக்கம். 1968 மார்ச்சில் நியூயார்க் டைம்ஸின் வார இதழில் மார்த்தா வெய்ன்மன் லியர் என்பவர் ஒரு கட்டுரை எழுதினார். அப்போது அமெரிக்காவில் கிளம்பியிருந்த பெண்கள் இயக்கத்தைப் பற்றிய அந்தக் கட்டுரைக்குத் தலைப்பு 'இரண்டாவது பெண்ணிய அலை'. இரண்டாவது என்று ஒன்று வந்ததும், அதற்கு முன்னால் நடந்ததெல்லாம் தானாக முதல் அலை ஆகிவிட்டது. தம்பி பிறந்த பிறகுதானே நாம் 'மூத்தவர்' ஆகிறோம், அது மாதிரி.

முதல் அலை: சட்டத்தில் ஓர் ஆளாக

19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் கல்யாணமான பெண்ணைச் சட்டம் தனி ஆளாகவே எண்ணவில்லை. அவள் உழைத்து வாங்கிய கூலிகூடக் கணவனுக்குத்தான் சொந்தம். கல்யாணமான பெண் தன் பெயரில் சொத்து வைத்துக்கொள்ளலாம் என்று இங்கிலாந்துச் சட்டம் முழுமையாக ஒப்புக்கொண்டது 1882இல்தான்.

1840இல் லண்டனில் அடிமை ஒழிப்பு மாநாடு ஒன்று நடந்தது. அதற்குப் பிரதிநிதிகளாக அமெரிக்காவிலிருந்து கப்பலேறி வந்த பெண்களை அவையில் உட்கார விடவில்லை. பார்வையாளர் பகுதிக்கு அனுப்பிவிட்டார்கள். அடிமைத்தனம் தப்பு என்று பேசத்தான் அந்தக் கூட்டமே! லுக்ரீஷியா மாட், எலிசபெத் கேடி ஸ்டான்டன் இருவரும் சந்தித்துக்கொண்டது அங்கேதான். எட்டு வருடம் கழித்து, 1848 ஜூலையில், நியூயார்க் மாநிலத்தின் செனெக்கா ஃபால்ஸ் என்ற சிற்றூரில் அவர்கள் பெண்ணுரிமை மாநாட்டைக் கூட்டினார்கள். சுமார் 300 பேர் வந்தார்கள். படிப்பு, வேலை, சொத்து பற்றிய தீர்மானங்களுக்கு எதிர்ப்பே இல்லை. ஓட்டு வேண்டும் என்ற தீர்மானம் மட்டும் இழுத்துக்கொண்டு நின்றது. "இதைக் கேட்டால் ஊரே சிரிக்கும்" என்ற பயம் கூட்டியவர்களிலேயே சிலருக்கு இருந்தது. அடிமையாகப் பிறந்து தப்பி வந்த ஃபிரெடரிக் டக்ளஸ் எழுந்து அதை ஆதரித்துப் பேசினார், தீர்மானம் நிறைவேறியது. பிரகடனத்தில் கையெழுத்துப் போட்ட 100 பேரில் 32 பேர் ஆண்கள். பெண்ணியம்னா ஆண்களுக்கு எதிரான கட்சின்னு நினைக்கிறவங்க இந்த 32ஐக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளலாம்.

அதற்குப் பிறகு அமெரிக்கப் பெண்களுக்கு ஓட்டு வர 72 வருடம் ஆனது. 1920 ஆகஸ்டில் டென்னசி மாநிலச் சட்டசபையில் ஒரே ஒரு ஓட்டில் விஷயம் தொங்கியது. அந்த ஓட்டைப் போட்டவர் 24 வயது ஹாரி பர்ன். எதிர்த்து ஓட்டுப் போடுவார் என்று எல்லோரும் எதிர்பார்த்தார்கள். ஆனால் ஆதரித்துவிட்டார். ஆதரிக்கச் சொல்லி அவருடைய அம்மா எழுதிய கடிதம் சட்டைப் பையில் இருந்ததாம்.

நியூசிலாந்து 1893லேயே பெண்களுக்கு ஓட்டுக் கொடுத்துவிட்டது. பிரிட்டனில் எம்மலின் பாங்க்ஹர்ஸ்டும் அவருடைய தோழிகளும் ஜன்னல்களை உடைத்தார்கள், சிறைக்குப் போனார்கள், உண்ணாவிரதம் இருந்தார்கள். சிறையில் குழாய் வைத்துக் கட்டாயமாக உணவு செலுத்தினார்கள். 1918இல் கிடைத்தது, அதுவும் 30 வயதுக்கு மேல், சொத்துத் தகுதியோடு. ஆண்களைப் போல 21 வயதில் ஓட்டு என்பது 1928இல்தான். சுவிட்சர்லாந்தில் தேசிய அளவில் 1971! அங்கே ஒரு சிறு மாநிலம் அதற்குப் பிறகும் பிடிவாதம் பிடிக்க, 1990இல் நீதிமன்றம் உத்தரவு போட்டுத்தான் உள்ளூர்த் தேர்தலில் பெண்களைச் சேர்த்துக்கொண்டது.

நம்ம ஊருக்கும் இந்த அலைக்கும் நேரடித் தொடர்பு உண்டு. அயர்லாந்தில் வாக்குரிமைப் போராட்டத்தில் சிறை சென்ற மார்கரெட் கசின்ஸ் பிறகு சென்னைக்கு வந்தார். 1917இல் அடையாறில் இந்தியப் பெண்கள் சங்கம் தொடங்கியவர்களில் அவரும் ஒருவர். அதன் தலைவர் அன்னி பெசன்ட். 1921இல் சென்னை மாகாணச் சட்டசபை, பெண் என்பதற்காக ஓட்டு மறுக்கும் விதியை நீக்கியது. பிரிட்டிஷ் இந்திய மாகாணங்களில் அதுதான் முதல். ஆனால் சொத்துத் தகுதி அப்படியே இருந்ததால், ஓட்டுப் போட முடிந்த பெண்கள் மிகச் சிலரே. 1927இல் முத்துலட்சுமி ரெட்டி அந்தச் சபையில் போய் உட்கார்ந்தார். துணைத் தலைவராகவும் ஆனார்.

இரண்டாவது அலை: வீடும் சம்பளமும்

ஓட்டு வந்தாச்சு. பிறகும் வேலை விளம்பரங்கள் 'ஆண்கள் தேவை', 'பெண்கள் தேவை' என்று தனித்தனிப் பத்தியில்தான் வந்தன. 1949இல் பிரான்சில் சிமோன் தி பொவார் எழுதிய 'இரண்டாம் பாலினம்' ஓர் அடிப்படைக் கேள்வியை வைத்தது: பெண்மை என்று நாம் சொல்வதில் உடம்போடு பிறந்தது எவ்வளவு, வளர்ப்பில் ஊட்டப்பட்டது எவ்வளவு? 1963இல் பெட்டி ஃப்ரீடன், தன்னோடு கல்லூரியில் படித்த தோழிகளிடம் எடுத்த கேள்வித்தாள்களிலிருந்து தொடங்கி ஒரு புத்தகம் எழுதினார். நல்ல வீடு, நல்ல கணவர், குழந்தைகள் எல்லாம் இருந்தும், படித்த பெண்கள் ஏன் உள்ளுக்குள் வெந்துகொண்டிருக்கிறார்கள் என்பதுதான் அதன் கேள்வி.

எனக்கு இந்த அலையில் ரொம்பப் பிடித்த கதை ஒரு ஃபேக்டரியில் நடந்தது. 1968, லண்டன் பக்கம் டாகென்ஹாம், ஃபோர்டு கார் ஆலை. சீட் கவர் தைக்கும் 187 பெண்களின் வேலையை 'திறன் குறைந்த வேலை' என்று நிர்வாகம் வகைப்படுத்தியது. அந்த வகையிலும் ஆண்களுக்குக் கொடுப்பதில் 85 சதவீதம்தான் அவர்களுக்குச் சம்பளம். அவர்கள் மெஷினை நிறுத்தினார்கள். சீட் இல்லாமல் கார் எப்படி வெளியே போகும்? மூன்று வாரத்தில் உற்பத்தியே நின்றது. சம்பளம் 92 சதவீதமாக உயர்ந்தது; 1970இல் சம ஊதியச் சட்டம் வர இந்தப் போராட்டம் ஒரு முக்கியக் காரணம். ஆனால் அவர்கள் முதலில் கேட்டது காசை மட்டும் இல்லை, "எங்க வேலையும் திறமையான வேலைதான்" என்ற அங்கீகாரத்தை. அது கிடைக்க 1984இல் மறுபடியும் ஸ்டிரைக் செய்ய வேண்டியிருந்தது. 16 வருடம்!

இதைவிடப் பெரிய செய்முறை விளக்கம் ஐஸ்லாந்தில். 1975 அக்டோபர் 24 அன்று அந்த நாட்டுப் பெண்களில் சுமார் 90 சதவீதம் பேர் அலுவலகத்திலும் வேலை செய்யவில்லை, வீட்டிலும் வேலை செய்யவில்லை. அப்பாக்கள் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு ஆபீஸ் போனார்கள். ஒரு சிஸ்டத்தில் ஒரு பாகம் என்ன வேலை செய்கிறது என்று தெரிய வேண்டுமானால் அதைக் கழற்றிவிட்டுப் பார்க்கணும் இல்லையா? அதைத்தான் செய்தார்கள்.

மூன்றாவது அலை: எந்தப் பெண்?

முதல் இரண்டு அலைகளிலும் ஒரு ஓட்டை இருந்தது. 1913இல் வாஷிங்டனில் நடந்த வாக்குரிமை ஊர்வலத்தில் கறுப்பினப் பெண்களைக் கடைசியில் வரச் சொன்னார்கள், ஐடா பி. வெல்ஸ் மறுத்து, தன் மாநிலக் குழுவோடு நடுவிலேயே நடந்தார். 1920இல் ஓட்டுரிமை வந்தும், தென் மாநிலக் கறுப்பினப் பெண்கள் பலருக்கு அது நடைமுறைக்கு வந்தது 1965க்குப் பிறகுதான். ஃப்ரீடன் "வீட்டுக்குள் அடைபட்ட பெண்கள்" என்று எழுதியபோது, "எங்க வீட்டுப் பெண்கள் எப்பவோ வேலைக்குப் போயாச்சு, உங்க வீட்டைப் பெருக்கத்தான்" என்பது பெல் ஹூக்ஸ் போன்றவர்கள் வைத்த விமர்சனத்தின் சாரம்.

இதை ஒரு வழக்கு தெளிவாகக் காட்டியது. ஜெனரல் மோட்டார்ஸ் மீது ஐந்து கறுப்பினப் பெண்கள் தொடுத்த வழக்கு, 1976இல் தீர்ப்பு. அந்த நிறுவனம் 1964க்கு முன் கறுப்பினப் பெண்களை வேலைக்கு எடுத்ததே இல்லை. பிறகு ஆட்குறைப்பு வந்தபோது 'கடைசியில் சேர்ந்தவர் முதலில் வெளியே' என்று விதி வைத்தார்கள். யார் போயிருப்பார்கள் என்று சொல்லவும் வேண்டுமா! நீதிமன்றம் என்ன சொன்னது? பெண்களை வேலைக்கு எடுத்திருக்கிறார்கள். ஆகவே பாலினப் பாகுபாடு இல்லை. இனப் பாகுபாடு என்றால் அதைத் தனியாகப் பாருங்கள். இரண்டையும் சேர்த்துப் புதிதாக ஒரு வகையை உண்டாக்க முடியாது. ஆனால் ஆபீஸில் எடுத்த பெண்கள் வெள்ளையர். ஆலையில் எடுத்த கறுப்பினத்தவர் ஆண்கள்.

நம்ம பாஷையில் சொன்னால், இரண்டு இன்புட்டையும் தனித்தனியாக டெஸ்ட் பண்ணி 'பாஸ்' போட்டுவிட்டார்கள். இரண்டும் சேர்ந்து ஒன்றாக இருக்கும்போதுதான் சர்க்யூட் ஃபெயில் ஆகிறது. அந்த வரிசையை மட்டும் யாரும் டெஸ்ட் பண்ணவில்லை. 1989இல் சட்டப் பேராசிரியர் கிம்பர்லே கிரென்ஷா இந்த வழக்கை எடுத்துக்காட்டி ஒரு சொல்லை உருவாக்கினார். தமிழில் 'குறுக்குவெட்டுத்தன்மை' என்கிறார்கள். நாலு தெரு சந்திக்கும் முக்கில் நிற்பவர் மேல் எந்தப் பக்கத்திலிருந்தும் வண்டி மோதலாம் என்பதுதான் அதன் பொருள். நம் நாட்டில் சாதியையும் சேர்த்துக்கொண்டால் இது இன்னும் நன்றாகப் புரியும். 1995இல் ரூத் மனோரமா முன்னின்று தலித் பெண்களுக்கென்று தேசியக் கூட்டமைப்பு தொடங்கியது இதே காரணத்துக்காகத்தான்.

நான்காவது அலை: வெளியே சொல்வது

அமெரிக்காவில் தரானா பர்க் 2006இல் 'மீ டூ' என்ற சொல்லைப் பயன்படுத்தத் தொடங்கினார். 2017 அக்டோபரில் அது ஹேஷ்டேக் ஆகி உலகம் முழுக்கப் பரவியது. இதைத்தான் நான்காவது அலை என்கிறார்கள்.

ஆனால் இந்தியாவில் இந்தக் கதை ட்விட்டரில் தொடங்கவில்லை. ராஜஸ்தானில் அரசுத் திட்டம் ஒன்றில் கிராமப் பணியாளராக இருந்தவர் பன்வாரி தேவி. ஒரு குழந்தைத் திருமணத்தைத் தடுக்கப் போனதற்காக 1992இல் கூட்டு வன்கொடுமைக்கு ஆளானார். கீழ் நீதிமன்றம் குற்றம் சாட்டப்பட்டவர்களை அந்தக் குற்றத்திலிருந்து விடுவித்தது. அந்த வன்கொடுமையை அடுத்துப் பெண்கள் அமைப்புகள் உச்ச நீதிமன்றம் போனதால் 1997இல் விசாகா வழிகாட்டுதல்கள் வந்தன. 2013இல் அது சட்டமானது. இன்று நம் காலேஜ் போர்டில் ஒட்டியிருக்கும் உள்ளகப் புகார்க் குழுப் பட்டியலுக்கு வேர் அங்கேதான் இருக்கிறது. யூஜிசியின் 2015 விதிகளின்படி, மாணவர்கள் சம்பந்தப்பட்ட புகார் என்றால் அந்தக் குழுவில் மாணவர் பிரதிநிதிகளும் இருக்க வேண்டும். அடுத்த முறை அந்தப் பக்கம் போகும்போது ஒரு நிமிஷம் நின்று படித்துப் பாருங்கள்.

அலைக் கணக்கு எங்கே இடிக்கிறது?

செனெக்கா ஃபால்ஸ் நடந்த அதே 1848இல் புனேயில் சாவித்திரிபாய் புலேவும் ஜோதிராவ் புலேவும் பெண்களுக்குப் பள்ளி தொடங்கினார்கள். பள்ளிக்குப் போகும் வழியில் சாவித்திரிபாய் மேல் சாணம் எறிந்தார்கள். அவர் எந்த அலை? அமெரிக்கக் காலண்டரை வைத்துக்கொண்டு தேடினால் அவருக்கு இடம் கிடைக்காது. அலை என்பது கரையில் நிற்பவர் எண்ணுவது. கடல் எப்போதும் அசைந்துகொண்டுதான் இருக்கிறது. படிக்க வசதியாக நாலு என்று வைத்துக்கொள்ளலாம். பரீட்சைக்கு அது போதும், புரிந்துகொள்ளப் போதாது.

இப்போது அந்தக் கேள்வி

நம் துறைக்கே வருவோம். 1940இல் கிண்டி பொறியியல் கல்லூரியில் லலிதா சேர்ந்தார். 15 வயதில் கல்யாணம், 18 வயதில் கைக்குழந்தையோடு கணவரை இழந்தவர். அவரும், அவரை அடுத்து அங்கே சேர்ந்த லீலம்மா ஜார்ஜ், தெரேசியா இருவரும் பட்டம் பெற்றபோது ஒரு சின்னப் பிரச்சினை. சான்றிதழில் 'அவன்' என்றே அச்சாகியிருந்தது. அதை அடித்து 'அவள்' என்று திருத்திக் கொடுத்தார்கள். அந்தப் படிவத்தை அச்சடித்தவருக்குப் பெண்கள் மேல் எந்தக் கோபமும் இருந்திருக்காது. ஒரு பெண் வருவாள் என்று தோன்றவே இல்லை, அவ்வளவுதான்.

என் பதிலும் இதுதான், நண்பா. ஓட்டு, படிப்பு, வேலை எல்லாம் கிடைத்த பிறகும், நாம் வருவோம் என்று நினைக்காமல் அச்சடித்த படிவங்கள் நிறைய மீதி இருக்கின்றன. போன வருடம் நம்ம மினி ப்ராஜெக்ட் ஞாபகம் இருக்கா? லேப் இரவு ஒன்பது வரை திறந்திருக்கும். பெண்கள் ஹாஸ்டலுக்கு இன்-டைம் ஆறரை. தினமும் ஆறே காலுக்கு நான் பையைத் தூக்கிக்கொண்டு ஓடுவேன். போர்டை நீங்கள் மூன்று பேரும் முடித்தீர்கள். எனக்கு பிபிடி வந்தது. ரிவ்யூவில் "ஸ்லைடு யார்மா பண்ணது, அழகா இருக்கு" என்று பாராட்டினார்கள். சாலிடரிங் எனக்கும் பிடிக்கும் என்று யாருக்கும் தெரியாது. யாரும் எனக்குக் கெடுதல் செய்யவில்லை. டாகென்ஹாம் கதையைப் படித்தபோது எனக்கு அந்த ரிவ்யூதான் ஞாபகம் வந்தது.

இன்-டைமை மாற்றச் சொல்லி ஒரு மனு எழுதிக்கொண்டிருக்கிறோம். ஆண்கள் ஹாஸ்டலிலிருந்தும் கையெழுத்து வேண்டும். அது ஆகிறபோது ஆகட்டும். அதுவரைக்கும் ஒரு சின்ன வேண்டுகோள்: இந்த செமஸ்டர் டீம் பிரிக்கும்போது, போர்டு வேலையை நாலு மணிக்கு ஆரம்பிங்க. பிபிடியை ராத்திரி நீங்க பண்ணுங்க.