டீசல் டிராக்டரில் எண்ணெய்க் கோளாறும் இழுவைக் குறைவும்

மேட்டூர் அணையிலிருந்து நீர் விடப்பட்டு வாய்க்காலில் தண்ணீர் தலைகாட்டிய பின், காவிரிப் பாசன நிலங்களில் சேற்றுழவுக்குக் கிடைக்கும் நாட்கள் சிலவே. முறைத் தண்ணீர் வயலுக்கு வரும் அன்று உழவு நடவாமற் போனால் நாற்று முற்றுகிறது. நடவாட்களும் வேறிடம் போய்விடுகிறார்கள். அத்தகைய சமயத்தில் டிராக்டர் வயலின் நடுவே நின்றுவிடுமாயின், அதனால் ஏற்படும் நஷ்டம் பழுதுபார்க்கும் கூலியைவிடப் பன்மடங்காகும். ஆயினும் இவ்வாறு நின்றுவிடும் டிராக்டர்கள் பலவற்றில் உள்ள கோளாறு பெரிய யந்திரக் கோளாறன்று. டீசல் தொட்டிக்கும் இஞ்செக்ஷன் பம்புக்கும் இடையே உள்ள, விலை குறைந்த, சாதாரண ஸ்பானரைக் கொண்டே கழற்றிப் பார்க்கக்கூடிய பாகங்களில்தான் அது இருக்கிறது. இதை ஆராயாமல் முதலிலேயே பம்பைக் கழற்றிப் பட்டணத்துப் பட்டறைக்கு அனுப்பிவிடுவது பல ஊர்களிலும் வழக்கமாக இருக்கிறது. பம்பு திரும்பி வருவதற்குள் முறைத் தண்ணீர் கடந்துவிடும். அதைப் பூட்டிய பின்னும் பழைய கோளாறே நீடிப்பதும் உண்டு.

டீசல் எஞ்சினில் பெட்ரோல் எஞ்சினைப்போல் தீப்பொறி உண்டாக்கும் சாதனம் இல்லை. ருடால்ப் டீசல் என்னும் ஜெர்மன் எஞ்சினீயர் 1897-இல் ஓட்டிக் காட்டிய எஞ்சினின் தத்துவமே இன்றும் நிலவுகிறது. சிலிண்டரினுள் காற்று மட்டும் இழுக்கப்பட்டு, ஏறக்குறைய பதினாறில் ஒரு பங்காக நெருக்கப்படுகிறது. நெருக்கப்பட்ட காற்றின் சூடு 500 டிகிரி சென்டிகிரேடுக்கு மேற்படுகிறது. அந்தச் சூட்டில் டீசலை நாஸில் வழியாகப் பனிபோல் தெளித்தால் அது தானே பற்றிக்கொள்ளும். இவ்வாறு தெளிக்க, சாதாரண உழவு டிராக்டர்களில் காற்றழுத்தத்தைப்போல் ஏறக்குறைய 200 மடங்கு அழுத்தம் வேண்டியிருக்கிறது. இந்த அழுத்தத்தைத் தருவதற்குப் பம்பினுள் இருக்கும் உருளைக்கும் அதன் கூட்டுக்கும் இடையே விடப்படும் இடைவெளி, ஒரு மில்லிமீட்டரை ஆயிரம் பங்காக்கினால் அதில் இரண்டு மூன்று பங்கு அளவேயாகும். தலைமயிரின் கனம் அதைவிட இருபது மடங்கு இருக்கும். இப்பகுதிக்கு டீசலே மசகாகவும் பயன்படுகிறது. ஆகையால் கண்ணுக்குத் தெரியாத மணலும், ஒரு துளித் தண்ணீரும், டீசலில் கலந்த மண்ணெண்ணெயும் இங்கே பெருங்கேடு விளைவிக்கும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. வடிகட்டிகள் இரண்டு வைக்கப்பட்டிருப்பதன் காரணமும் இதுவே.

நிற்கும் விதத்தைக் கவனித்தல்

ஸ்பானரைக் கையில் எடுக்குமுன், வண்டி எவ்விதமாக வலுவிழக்கிறது என்பதை நிதானமாகக் கவனிக்க வேண்டும். பாரம் ஏறும்போது எஞ்சினின் சுற்று குறைகிறதா, அல்லது எஞ்சின் அதே சுற்றில் ஓடிக்கொண்டிருக்க வண்டியின் வேகம் மட்டும் குறைகிறதா என்பது முதற் கேள்வி. பின் சக்கரங்களும் சேற்றில் வழுக்காமல், எஞ்சின் சுற்றும் குறையாமல் வண்டி மட்டும் தளர்ந்தால், கிளச்சு நழுவுகிறது என்று கொள்ளலாம். அதற்கு டீசல் குழாய்களைக் கழற்றுவது வீண்வேலை. சுற்று குறைந்தால், கைரேஸை முழுதும் தள்ளியபோது பம்பின் மேலுள்ள நெம்புகோல் அதன் கடைசித் திருகில் போய் முட்டுகிறதா என்று பார்க்க வேண்டும். கம்பி வளைந்தோ மூட்டு தேய்ந்தோ போனமையால் நெம்புகோல் பாதி தூரமே செல்வதும், அதற்காக வண்டி இரண்டு நாள் பட்டறையில் நிற்பதும் உண்டு. எஞ்சின் அடியோடு கிளம்பாவிட்டால், அதை நிறுத்துவதற்கான இழுப்புக் கம்பி முழுதும் உள்ளே போயிருக்கிறதா என்பதையும் பார்ப்பது நல்லது. இதைக் குறிப்பிடுவது வேடிக்கையாகத் தோன்றலாம். அனுபவமுள்ள ஓட்டிகளும் இதில் ஏமாந்திருக்கிறார்கள்.

டீசல் போதாமையால் நிற்கும் எஞ்சின் சட்டென்று நிற்பதில்லை. சுற்று தாழ்ந்து, மீண்டும் சற்று ஏறி, மறுபடி தாழ்ந்து, பின்னர் அடங்கும். அரைமணி நேரம் நன்றாக உழுதபின் இவ்வாறு அடங்கி, பத்து நிமிஷம் நின்றால் மீண்டும் கிளம்பி, மறுபடி அரைமணியில் நிற்கும் வண்டியில், முதன்முதல் தொட்டியின் மூடியைத் தளர்த்திப் பார்க்க வேண்டும். மூடியில் காற்று புகுவதற்காகச் சிறு துவாரம் ஒன்று உண்டு. சேறும் தூசியும் அதை அடைத்துவிட்டால், டீசல் குறையக் குறையத் தொட்டியினுள் வெற்றிடம் உண்டாகி டீசல் இறங்க மறுக்கிறது. மூடியைத் தளர்த்தும்போது ‘உஸ்’ என்று காற்று உள்ளே புகும் சப்தம் கேட்டால் கோளாறு இன்னதென்று தெரிந்துவிடும். அதை நீக்க ஒரு மெல்லிய கம்பி போதும். இதே குறியைக் கண்டு பம்பைக் கழற்றியவர்கள் இழந்த பணத்தையும் நாட்களையும் எண்ணினால் வருத்தமே மிஞ்சும்.

தொட்டியிலிருந்து பம்பு வரையில்

மூடியில் குறையில்லாவிட்டால், டீசல் செல்லும் வழியையே பின்பற்றிப் பரிசோதனை செய்துகொண்டு போக வேண்டும். முன்னுக்குப் பின்னாகப் போவது கூடாது. தொட்டியின் அடியிலுள்ள குழாயைக் கழற்றினால் டீசல் தாராளமாக ஒழுக வேண்டும். நூல்போல் ஒழுகினால், தொட்டியின் வாயிலுள்ள வலையில் இலையோ, துணிப்பிசிறோ, தண்ணீரும் டீசலும் சேருமிடத்தில் வளரும் வழுவழுப்பான பாசியோ அடைத்திருக்கும். அடுத்து, கண்ணாடிக் கிண்ணம் பொருத்திய வண்டிகளில் அதன் அடியில் தண்ணீர் தங்கியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். தண்ணீர் டீசலைவிடக் கனமானதாகையால் எப்போதும் அடியிலேயே தங்கும். வடிகட்டியின் அடித்திருகையும் தளர்த்தி, தெளிந்த டீசல் வரும்வரை விட்டுவிட வேண்டும்.

பின்னர் பீட் பம்பு. அதிலிருந்து வடிகட்டிக்குப் போகும் குழாயைக் கழற்றிவிட்டுக் கைநெம்பை அசைத்தால், ஒவ்வோர் அசைவுக்கும் டீசல் வேகமாகப் பீச்ச வேண்டும். கைநெம்பு அசைந்தும் வேலை செய்யாவிட்டால் உடனே பம்பு கெட்டதென்று முடிவுகட்டலாகாது. எஞ்சினின் கேம் அதைத் தூக்கிப் பிடித்திருக்கக்கூடும். எஞ்சினை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு மறுபடி முயல வேண்டும். இந்தப் பம்பினுள் இருக்கும் ரப்பர்த் தோல் கிழிந்துவிட்டால் டீசல் எஞ்சின் ஆயிலில் போய்ச் சேரும். ஆகவே ஆயில் அளவுகோலில் மட்டம் குறைவதற்குப் பதிலாக உயர்ந்திருந்தாலும், ஆயிலில் டீசல் வாடை வீசினாலும், எஞ்சினை மேற்கொண்டு ஓட்டவே கூடாது. நீர்த்துப்போன ஆயிலால் பேரிங்குகள் தேய்ந்து கிராங்க் ஷாப்டும் கெடும்.

காகித வடிகட்டியைக் கழுவி மறுபடி போடுவது சிக்கனமென்று சிலர் எண்ணுகிறார்கள். கழுவும்போது காகிதம் நைந்து கண்கள் பெரிதாகின்றன. அதுவரை தடுக்கப்பட்ட மணல் நேரே பம்புக்குச் செல்கிறது. துணி வடிகட்டியை மட்டும் சுத்தமான டீசலில் அலசிப் போடலாம்.

காற்றுப் பிடித்தலும் அதை எடுத்தலும்

டீசலுடன் காற்று கலந்துவிட்டால், பம்பு அந்தக் காற்றையே நெருக்கிக்கொண்டிருக்குமன்றி நாஸிலைத் திறக்கும் அழுத்தம் உண்டாகாது. காற்றுப் புகும் இடத்தைக் காண்பதுதான் கடினம். தொட்டிக்கும் பீட் பம்புக்கும் இடையேயுள்ள குழாய் உறிஞ்சும் பகுதியாகையால், அங்கே வெடிப்பு இருந்தாலும் டீசல் வெளியே கசியவேண்டுமென்பதில்லை. ஓடும்போது காற்று உள்ளே இழுக்கப்படும். கசிவு காணவில்லையே என்று ஏமாறுவது இதனால்தான். விறைத்துப்போன ரப்பர்க் குழாய், தளர்ந்த பேன்ஜோ போல்ட், நசுங்கிய செம்பு வாஷர் இம்மூன்றுமே சாதாரணமாகக் குற்றவாளிகள். செம்பு வாஷரை ஒருமுறை கழற்றினால் புதிதாகப் போடுவதே முறை. அதன் விலையை மிச்சம் பிடித்து ஒரு நாள் உழவை இழப்பவர்களும் இருக்கிறார்கள்.

காற்றை எடுக்கும்போது வரிசை தவறக்கூடாது. தொட்டியில் போதிய டீசல் ஊற்றியபின், முதல் வடிகட்டியின் மேலுள்ள திருகை ஒன்றிரண்டு சுற்றுத் தளர்த்திக் கைநெம்பை அடிக்க வேண்டும். நுரையும் குமிழியுமாக வந்து, பின் குமிழியற்ற டீசல் வரத்தொடங்கும். நெம்பை அடித்துக்கொண்டிருக்கும்போதே திருகை இறுக்க வேண்டும். கையை நிறுத்திவிட்டு இறுக்கினால் காற்று திரும்ப உள்ளே புகும். இவ்விதமே இரண்டாம் வடிகட்டியிலும், பிறகு இஞ்செக்ஷன் பம்பிலுள்ள திருகிலும் செய்ய வேண்டும். அப்படியும் எஞ்சின் கிளம்பாவிட்டால், நாஸில்களுக்குப் போகும் குழாய்களின் மறைகளைச் சற்றே தளர்த்தி, கைரேஸை முழுதும் வைத்து ஸ்டார்ட்டரைச் சுற்றவிட்டால், அங்கு தங்கிய காற்றும் வெளியேறும். ஸ்டார்ட்டரை ஒரே மூச்சில் நெடுநேரம் சுற்றவிடாமல், இடையிடையே பேட்டரிக்கும் ஓய்வு தர வேண்டும்.

புகையைக் கொண்டு அறிதல்

எஞ்சின் நிற்காமல் ஓடியும் இழுவை குறைந்திருந்தால், சைலென்ஸர் புகையைப் பார்த்துப் பெரும்பாலும் காரணத்தை ஊகிக்கலாம். நீலப் புகை சிலிண்டரில் எஞ்சின் ஆயில் எரிவதைக் காட்டுகிறது. அது பிஸ்டன் வளையங்கள் தேய்ந்ததற்கு அடையாளமாதலால் பட்டறைக்கே உரிய விஷயம். எஞ்சின் சூடேறிய பின்னும் நீங்காத வெண்புகை, டீசல் எரியாமல் வெளிவருவதையோ தண்ணீர் கலந்திருப்பதையோ குறிக்கும். கரும்புகையே வயலில் அதிகம் காணப்படுவது. டீசலுக்குத் தக்க காற்று கிடைக்காமையே அதன் முதற் காரணம். ஒரு லிட்டர் டீசல் முழுதும் எரிவதற்குக் குறைந்தது 10,000 லிட்டர் காற்று வேண்டும் என்பதை அறிந்தால், புழுதி அடைத்த ஏர் கிளீனரோடு உழுவது மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடுவதற்கு ஒப்பாகும் என்பது விளங்கும். ஆயில் கிண்ணமுள்ள ஏர் கிளீனரில் புழுதிக்கால உழவின்போது தினமும் கிண்ணத்தைக் கழற்றிப் பார்த்து, அடியில் சேறு கட்டியிருந்தால் கழுவி, குறியிட்ட மட்டம் வரை மட்டும் புது ஆயில் ஊற்ற வேண்டும். மட்டத்துக்கு மேல் ஊற்றினால் எஞ்சின் அந்த ஆயிலை இழுத்துக்கொள்ளும்.

காற்று சரியாக இருந்தும் கரும்புகை நீங்காமல், எஞ்சின் துள்ளித்துள்ளி ஓடினால் ஏதோ ஒரு நாஸில் சொட்டுகிறது என்று கருதலாம். எஞ்சினை மெதுவான சுற்றில் ஓடவிட்டு, ஒவ்வொரு நாஸிலின் குழாய் மறையையும் துணியால் மூடிக்கொண்டு மாறிமாறித் தளர்த்தி இறுக்க வேண்டும். எதைத் தளர்த்தும்போது எஞ்சினின் ஓசை மாறவில்லையோ, அந்தச் சிலிண்டரே வேலை செய்யாதது. அதன் நாஸிலை மட்டும் கழற்றிப் பட்டறையில் சோதனைக்கு விட்டால் போதும்.

இங்கே ஓர் எச்சரிக்கை மிகமிக அவசியம். நாஸிலிலிருந்து பீச்சும் டீசலுக்கு எதிரே கையையோ முகத்தையோ கொண்டுபோகலாகாது. அந்த அழுத்தத்தில் டீசல் தோலைத் துளைத்துச் சதைக்குள் பாய்ந்துவிடும். மேலே ஊசி குத்தியது போன்ற சிறு புள்ளியே தெரியும். வலியும் முதலில் அதிகமிராது. ஆனால் சில மணி நேரத்தில் உள்ளே சதை அழுகத் தொடங்கி, விரலையோ கையையோ எடுக்கும்படி நேரிடலாம். ஆகவே தாமதமின்றி ஆஸ்பத்திரிக்குச் சென்று, உள்ளே பாய்ந்தது டீசல் என்பதை டாக்டரிடம் தெளிவாகச் சொல்ல வேண்டும். மேலும், கம்ப்யூட்டர் துணையுடன் இயங்கும் காமன் ரெயில் முறையுள்ள புதிய டிராக்டர்களில் அழுத்தம் காற்றழுத்தத்தைப்போல் 1,000 மடங்குக்கும் மேற்பட்டது. அவற்றில் எஞ்சின் ஓடும்போது எந்த மறையையும் தளர்த்தும் பேச்சே கூடாது.

முத்திரையை உடைத்தல்

பம்பின் கடைசித் திருகில் ஈய முத்திரை வைக்கப்பட்டிருப்பதை உடைத்து, டீசலைக் கூட்டிவைத்தால் இழுவை அதிகப்படும் என்று சொல்லும் கைவேலைக்காரர்கள் உண்டு. சில நாட்களுக்கு அவ்வாறே தோன்றும். கூடுதலான டீசலை எரிக்கக் காற்று இல்லாமையால் அது கரியாகவே வெளிவரும், பிஸ்டனின் தலை அளவுக்கு மீறிச் சூடேறும், செலவும் பெருகும். வாடகைக்கு விடும் கூட்டுறவுச் சங்கத்து டிராக்டர்களில் இந்த முத்திரையைப் பொறுப்பாளர் மாதம் ஒருமுறையேனும் நேரில் பார்த்துப் பதிவேட்டில் குறித்துவருதல் தகும். வடிகட்டி மாற்றிய தேதியும், அப்போது மீட்டர் காட்டிய மணிக்கணக்கும் அதே ஏட்டில் இருக்குமாயின், ஓட்டி மாறினாலும் விவரம் மாறாது.

டீசலைச் சேமித்தல்

வீட்டில் பீப்பாயில் டீசல் வைத்துக்கொள்வோர், அதை அசைக்காமல் ஒரு நாளாவது தெளியவிட்டு, அடியிலுள்ள நாலைந்து அங்குலத்தை விட்டுவிட்டு மேலிருந்தே எடுக்க வேண்டும். துத்தநாகம் பூசிய வாளியும் தகர டப்பாவும் உதவா; துத்தநாகம் டீசலுடன் சேர்ந்து சோப்புப் போன்ற பிசினாகி வடிகட்டியை அடைக்கிறது. துடைப்பதற்குப் பஞ்சும் கோணியும் ஆகா. நூல் உதிராத பழைய துணியே ஏற்றது. தொட்டியைக் காலையில் நிரப்புவதைவிட, வேலை முடிந்த மாலையிலேயே நிரப்பிவிடுவது மேல். காலியாக விட்ட தொட்டியின் உள்ளிருக்கும் காற்றிலுள்ள ஈரம், இரவின் குளிர்ச்சியில் சுவரில் நீராக வியர்த்து டீசலின் அடியில் போய்ச் சேர்கிறது. ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் இது அதிகம். அம்மாதங்களில் வடிகட்டியின் அடித்திருகை வாரந்தோறும் திறந்து பார்க்க வேண்டும்.