பேஸ்மென்டில் காகிதம்

கேள்வி: பெங்களூரு ஹெப்பகோடியில் சிறு அச்சகம் நடத்துகிறேன். காகிதக் கட்டுகள் பேஸ்மென்டில் இருக்கின்றன. மழைக்கு முன் என்ன செய்யலாம்?

பதில்: முதல் வேலையாகக் காகிதத்தை மேலே ஏற்றுங்கள். 2022 செப்டம்பர் வெள்ளத்தில் பெங்களூரு வெளிவட்டச் சாலைப் பக்கம் டிராக்டரில் ஆட்களை ஏற்றிப் போனதைப் பார்த்தோமே! ஏரிகளை இணைக்கும் ‘ராஜகாலுவே’ என்ற மழைநீர் வாய்க்கால் அடைபட்டால் தண்ணீர் பள்ளத்தைத்தான் தேடி வரும். சாக்கடை எதிர்த்து ஏறாமலிருக்க, கழிவுநீர்க் குழாயில் நான்-ரிட்டர்ன் வால்வு பொருத்துங்கள். சுவிட்ச் போர்டு, யுபிஎஸ் எல்லாம் இடுப்புக்கு மேலே இருக்கட்டும்.

காப்பீடு கட்டாயம் எடுங்கள். 2021 ஏப்ரலில் வந்த ‘பாரத் சூக்ஷ்ம உத்யம் சுரக்ஷா’ பாலிசி 5 கோடி ரூபாய் வரை சொத்துள்ள தொழில்களுக்கானது. வெள்ளச் சேதமும் அதில் அடங்கும். பிரீமியத்தை மிச்சம் பிடிக்கச் சரக்கின் மதிப்பைக் குறைத்துக் காட்டாதீர்கள். பில்களைப் படமெடுத்து மெயிலில் போட்டு வையுங்கள். தண்ணீர் புகுந்த இயந்திரத்தை எலக்ட்ரீஷியன் பார்க்காமல் ஆன் செய்யவே கூடாது.