சாவி யாரிடம் இருந்தது?



எங்கள் தெருவில் ராத்திரி விசில் ஊதிக்கொண்டு ஒரு கூர்க்கா போவார். மாதம் பிறந்தால் வீட்டுக்கு வீடு வந்து காசு வாங்கிக்கொள்வார். "அவருக்கு எந்த ஊரும்மா?" என்று கேட்டால், "வடக்க எங்கயோ" என்பார் அம்மா. அந்த 'எங்கயோ' நேபாளம் என்பதும், அங்கே பத்து வருஷம் உள்நாட்டுச் சண்டை நடந்தது என்பதும் நம் கல்லூரி நூலகத்துக்கு வந்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது. எங்கள் குடும்பத்தில் டிப்ளமோ வரைக்கும் வந்த முதல் ஆள் நான். வீட்டில் இதையெல்லாம் பேச ஆளில்லை. ஆகவே உங்களிடம் பேசுகிறேன்.

1996 பிப்ரவரியில் மாவோயிஸ்டுகள் மன்னராட்சியை எதிர்த்து ஆயுதம் தூக்கினார்கள். 2006-ல் சண்டை நின்றபோது இறந்தவர்கள் 13,000-க்கு மேல் என்றார்கள். பிறகு அரசு எடுத்த கணக்கு சுமார் 17,000. காணாமல் போனவர்கள் 1,300-க்கும் அதிகம். 2005 நவம்பரில் ஏழு கட்சிகளும் மாவோயிஸ்டுகளும் டில்லியில் கூடி 12 அம்ச உடன்பாட்டுக்கு வந்தனர். 2006 ஏப்ரலில் மக்கள் வீதிக்கு வந்ததும் மன்னர் ஞானேந்திரா இறங்கி வந்தார். அதே ஆண்டு நவம்பர் 21-ல் சமாதான ஒப்பந்தம் கையெழுத்தானது.

கையெழுத்து போட்டாச்சு. ஆனால் துப்பாக்கியை முதலில் கீழே வைப்பது யார்? இதுதான் சிக்கல்! எங்கள் ஊரில் ஒரு கிணற்றுக்கு இரண்டு பங்காளிகள். மோட்டார் ரூம் சாவியை ஒருவர் வைத்துக்கொண்டால் மற்றவருக்குத் தூக்கம் வராது. கடைசியில் எதிர்வீட்டுப் பாட்டியிடம்தான் சாவி இருந்தது. நேபாளத்துக்கும் அப்படி ஓர் எதிர்வீடு தேவைப்பட்டது. ஐக்கிய நாடுகள் சபையைக் கூப்பிட்டார்கள். 2007 ஜனவரி 23-ல் பாதுகாப்பு சபை 1740-ஆம் தீர்மானத்தை நிறைவேற்றி 'அன்மின்' என்ற குழுவை அனுப்பியது. தலைவர் இயான் மார்ட்டின். ஆயுதக் கண்காணிப்பாளர்கள் 186 பேர் வரை. அவர்கள் கையில் ஆயுதம் கிடையாது என்பதைக் கவனியுங்கள். அடித்து அடக்க வந்த படை இல்லை இது; பார்த்துக்கொண்டிருக்க வந்த குழு.

இங்கேதான் நம்ம மெக்கானிக்கல், எலக்ட்ரானிக்ஸ் நண்பர்களுக்குப் பிடித்த விஷயம் வருகிறது. மாவோயிஸ்டு வீரர்களை 7 பெரிய முகாம்களிலும், அவற்றைச் சுற்றி 21 சிறிய முகாம்களிலும் தங்க வைத்தார்கள். துப்பாக்கிகளை வாங்கி, எண் குறித்து, இரும்புக் கன்டெய்னர்களில் அடுக்கினார்கள். ஒரே பூட்டு. சாவி ஐ.நா.விடம் இருந்திருக்கும் என்றுதானே நினைக்கிறீர்கள்? நானும் அப்படித்தான் நினைத்தேன். இல்லை! சாவி மாவோயிஸ்டுகளிடமே இருந்தது. ஆனால் கன்டெய்னரோடு ஒரு சைரனும் பதிவு செய்யும் கருவியும் பொருத்தியிருந்தார்கள். யாராவது ரகசியமாகத் திறந்தால் ஊருக்கே கேட்கும். ராணுவமும் அதே எண்ணிக்கையில் தன் ஆயுதங்களை இதேபோல் பூட்டி வைக்க வேண்டும். ஆக, திறக்க முடியாத பூட்டு இல்லை அது. திறந்தால் திறந்தது தெரிந்துவிடும் பூட்டு. தோற்றுப்போனவன் மாதிரி ஆயுதத்தை ஒப்படைக்கச் சொல்லியிருந்தால் எந்தத் தரப்பும் வந்திருக்காது என்பது என் அபிப்பிராயம்.

ஐ.நா. ஆட்கள் வந்து சேருமுன் அந்தக் கன்டெய்னர்களுக்குக் காவல் இருந்தவர்கள் யார் தெரியுமா? இந்திய, பிரிட்டிஷ் ராணுவங்களில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற கூர்க்காக்கள் 111 பேர்! அவர்களும் நேபாளிகள்தான், ஆனால் அந்தச் சண்டையில் எந்தப் பக்கமும் நின்று சுடாதவர்கள். இதைப் படித்த அன்று ராத்திரி எங்கள் தெருவில் விசில் கேட்டபோது எழுந்து ஜன்னலுக்குப் போனேன்.

எல்லாம் ஒழுங்காக நடந்துவிட்டது என்று சொல்லமாட்டேன். முதலில் பதிவானவர்கள் 32,250 பேர். நேரில் விசாரித்துத் தகுதியானவர்கள் என்று எடுத்தது 19,602. அதில் பெண்கள் 3,846. பதிவான துப்பாக்கிகளோ 3,475-தான். கணக்கு எங்கேயோ இடிக்கிறதல்லவா? 2009 மே மாதம் ஒரு வீடியோ வெளிவந்தது. சக்திகோர் முகாமில் மாவோயிஸ்டுத் தலைவர் பிரசண்டா பேசியது. உண்மையில் ஏழெட்டாயிரம் பேர்தான் இருந்தோம், கணக்கில் கூட்டிக் காட்டினோம் என்கிற பொருளில் பேசியிருந்தார். ஐ.நா.வின் மானம் கப்பலேறியது. இதற்கு நடுவில் 2008 ஏப்ரல் 10-ல் தேர்தல், மே 28-ல் மன்னராட்சி ஒழிப்பு என்று பெரிய காரியங்கள் நடந்தும் விட்டன.

என்னைத் தூங்கவிடாத எண் வேறு. 4,008. விசாரணையில் தள்ளப்பட்டவர்கள் இத்தனை பேர். அதில் 2,973 பேர் 1988 மே 25-க்குப் பிறகு பிறந்தவர்கள், அதாவது சண்டை நின்றபோது பதினெட்டு நிரம்பாத பிள்ளைகள். நம்ம வயசு, நம்மைவிடச் சின்ன வயசு! அவர்களை உடனே வீட்டுக்கு அனுப்பியிருக்க வேண்டும். 2010 ஜனவரி, பிப்ரவரியில்தான் அனுப்பினார்கள். அதற்குள் முகாமிலேயே வயசு ஏறிவிட்டது. அவர்களுக்கு வைத்த பெயர் நேபாளியில் 'அயோக்ய'. தகுதி இல்லாதவர் என்று அர்த்தம். நம் காதுக்கு அது எப்படிக் கேட்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. அவர்கள் காதுக்கும் நன்றாகக் கேட்கவில்லை. சண்டை போடும்போது தகுதி இருந்தது, இப்போது இல்லையா என்று கேட்டார்கள். ஒரு காகிதத்தில் என்ன எழுதியிருக்கிறது என்பது எங்கள் மாதிரி வீடுகளில் பெரிய விஷயம். பாஸ் என்ற ஒரு சொல்லுக்காகத்தான் என் அப்பா மூன்று வருஷமாக ஓவர்டைம் பார்க்கிறார்.

ஐ.நா. அமைப்புகள் அவர்களுக்குத் தொழிற்பயிற்சி, பள்ளிப்படிப்பு, சிறுதொழில், சுகாதாரப் பயிற்சி என நான்கு வழிகளைக் கொடுத்தன. நல்ல ஏற்பாடுதான். ஆனால் தகுதி பெற்றவர்களில் விலகிப் போக விரும்பியவர்களுக்குப் பின்னால் 5 லட்சம் முதல் 8 லட்சம் நேபாள ரூபாய் வரை கையில் கிடைத்தது. இந்தப் பிள்ளைகளுக்கு அது இல்லை.

அன்மின் 2011 ஜனவரி 15-ல் மூட்டை கட்டியது. வேலை முடியவில்லை, ஆனால் சண்டையும் திரும்பவில்லை. அந்த வருஷம் செப்டம்பர் 1-ல் மாவோயிஸ்டுகள் தங்களிடமிருந்த கன்டெய்னர் சாவிகளை எல்லாக் கட்சியினரும் இருந்த விசேஷக் குழுவிடம் தாங்களாகவே கொடுத்தார்கள். 2012 ஏப்ரலில் முகாம்கள் ராணுவத்தின் பொறுப்புக்கு வந்தன. கடைசியில் ராணுவத்தில் சேர்ந்த பழைய போராளிகள் சுமார் 1,400 பேர். 'அயோக்ய' என்று அனுப்பப்பட்டவர்கள் அதற்குப் பிறகும் பல வருஷம் காத்மாண்டு வீதிகளில் கோஷம் போட்டார்கள். அந்தச் சொல்லை நீக்கு என்பதும் அவர்கள் கேட்டவற்றில் ஒன்று.