மாடியில் வைஃபை நிற்கவில்லை என்று கூப்பிட்டால்

வீட்டுக்கு வீடு வைஃபை போட்டுக்கொடுக்கும் வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பி, தங்கைகளுக்கு.

1. போனதும் ரூட்டரை அணைத்துப் போடாதீர்கள். குறை அரைமணி நேரம் மறையும், அதோடு தடயமும் போய்விடும். தகராறு செய்யும் போன் அந்த நிமிடம் எந்த ஆக்சஸ் பாயிண்டோடு பேசுகிறது என்பதை முதலில் பாருங்கள். வைஃபை அனலைசர் வகை ஆப்பில் அதன் மேக் முகவரி தெரியும். பெட்டியின் அடியில் ஒட்டியிருக்கும் எண்ணோடு ஒப்பிடுங்கள். பெரும்பாலும் கடைசி எழுத்து ஒன்றிரண்டு மாறியிருக்கும், மற்றது பொருந்தும். மாடிப் படுக்கையறையில் இருக்கும் போன் கீழே ஹாலில் உள்ள பெட்டியைப் பிடித்துக்கொண்டிருந்தால் பாதி வேலை முடிந்தது.

2. எதில் ஒட்டுவது, எப்போது விடுவது என்பதை முடிவு செய்வது போன்தான். ரூட்டர் அதிகபட்சம் யோசனை சொல்லும். ஐபோன், சிக்னல் மைனஸ் 70 டிபிஎம்முக்குக் கீழே இறங்கினால்தான் வேறு இடம் தேடும்; மேக் மடிக்கணினி மைனஸ் 75 வரை பொறுக்கும். கீழிருந்து மைனஸ் 66 வந்துகொண்டிருந்தால், தலைக்கு மேலேயே புது ஆக்சஸ் பாயிண்ட் தொங்கினாலும் அது திரும்பிப் பார்க்காது. வீட்டுக்காரர் "பவரை ஏத்தி விடுங்க" என்பார். நீங்கள் குறைக்க வேண்டும், அதிலும் முக்கியமாக 2.4 கிகாஹெர்ட்ஸில். கூட்டினால் ரூட்டர் சொல்வது போனுக்குக் கேட்கும், போனின் சின்ன ஆன்டெனா சொல்லும் பதில் ரூட்டருக்குப் போய்ச் சேராது. கோடு முழுசாக இருக்கிறதே, வீடியோ ஏன் சுற்றுகிறது என்று அவர்கள் கேட்பது இதனால்தான். பொறுமையாக விளக்குங்கள், புரிந்துகொள்வார்கள்.

3. பழைய ரூட்டரை மாடியில் ஆக்சஸ் பாயிண்டாக வைத்தால் கேபிளை லேன் போர்ட்டில் குத்துங்கள், டிஎச்சிபியை அணையுங்கள், அதன் ஐபி முகவரியை மாற்றுங்கள். வான் போர்ட்டில் குத்தினால் மாடி தனி நெட்வொர்க் ஆகிவிடும். நெட் வரும், ஆனால் கீழே இருக்கும் பிரிண்டர் மாடிப் போனுக்குத் தெரியாது, டிவிக்குப் படம் அனுப்ப முடியாது. சந்தேகம் வந்தால் இரண்டு தளத்திலும் போனின் ஐபியைப் பாருங்கள். கீழே 192.168.1, மேலே 192.168.0 என்று தொடங்கினால் கதை இதுதான். லேன் போர்ட்டில் சரியாகக் குத்திவிட்டு டிஎச்சிபியை அணைக்க மறந்திருந்தால், சில கருவிகளுக்கு நெட் வரும், சிலவற்றுக்கு வராது. கணினியில் 169.254 என்று தொடங்கும் எண் தெரிந்தால் அதற்கு யாருமே முகவரி கொடுக்கவில்லை.

4. எல்லாப் பெட்டியிலும் பெயர், பாஸ்வேர்டு, பாதுகாப்பு வகை மூன்றும் ஒன்றாக இருக்கட்டும். சேனல் மட்டும் வேறு வேறு. 2.4-இல் 1, 6, 11 தவிர எதையும் தொடாதீர்கள்.

5. ஸ்மார்ட் பிளக், பல்பு, விலை குறைந்த கேமரா, இவற்றில் பெரும்பாலானவற்றுக்கு 2.4 மட்டும்தான் தெரியும். டபிள்யூபிஏ3 மட்டும் வைத்தால் பல கருவிகள் உள்ளேயே வராது, டபிள்யூபிஏ2-க்கு இறக்குங்கள். 802.11ஆர் என்ற வேகமாக மாறும் வசதியும் பழைய கருவிகளைக் குழப்பும், அணைத்துப் பாருங்கள்.

கரண்ட் போய் வந்த பிறகு மாடிக் கேமரா அடிக்கடி துண்டிக்கிறது என்று கூப்பிடுவார்கள். எந்த ஆக்சஸ் பாயிண்ட் முதலில் எழுந்ததோ அதைக் கேமரா பிடித்திருக்கும். பக்கத்திலிருப்பது பின்னால் எழுந்தாலும் அசையாத கருவி சுலபத்தில் மாறாது. எல்லாப் பெட்டியும் எழுந்த பிறகு கேமராவை மட்டும் ஒருமுறை அணைத்துப் போடச் சொல்லுங்கள். ரூட்டரையும் ஆக்சஸ் பாயிண்ட்களையும் இன்வெர்ட்டர் லைனில் போட்டுவிட்டால் இந்தத் தொல்லை பெரும்பாலும் இருக்காது.

6. கேபிள் இழுக்க வழி இருந்தால் ரிப்பீட்டர் வேண்டாம். ஒரே சேனலில் வாங்கி அதிலேயே திருப்பி அனுப்புவதால் வேகம் பாதியாகும். கேபிள் போட்டும் லிங்க் 1000-க்குப் பதில் 100 காட்டினால் கிரிம்ப்பிங்கைப் பாருங்கள். 100-க்கு ஆரஞ்சு, பச்சை ஜோடிகளின் நாலு கம்பி போதும். 1000-க்கு எட்டும் வேண்டும். பெரும்பாலும் நீலமோ பழுப்போ முனை வரை எட்டாமல் நின்றிருக்கும்.

7. இரும்பு பீரோவுக்குப் பின்னால் எதையும் மாட்டாதீர்கள்.

8. கிளம்பும் முன் வீட்டுக்காரர் போனிலேயே வைஃபையில் ஒரு வாட்ஸ்அப் அழைப்பு போட்டு, பேசிக்கொண்டே ஹாலிலிருந்து மாடிக்கு ஏறச் சொல்லுங்கள். குரல் ஒரு நொடி விட்டு வந்தால் சரி. விட்ட இடத்திலேயே நின்றுவிட்டால் பவரை இன்னும் கொஞ்சம் குறைத்து மறுபடி ஏறச் சொல்லுங்கள்.