ஆஸ்பிரின் போதும் என்னும் பிழை

இதயத்தின் மேலறைகள் ஒழுங்காகச் சுருங்காமல் தாறுமாறாக நடுங்கும் ‘ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன்’ என்னும் துடிப்புக் கோளாறு உள்ளவர்கள் நாள்தோறும் ஓர் ஆஸ்பிரின் விழுங்கினால் பக்கவாதம் அண்டாது என்ற நம்பிக்கை, சான்றுகள் அதை மறுத்துப் பல ஆண்டுகள் ஆன பின்னும் நோயாளிகளிடமும், அதைவிடக் கவலைக்குரிய வகையில் சில மருந்துச்சீட்டுகளிலும் நீடிக்கிறது. நடுங்கும் மேலறையில் இரத்தம் தேங்குகிறது. இடது மேலறையின் ஓரத்தில் சிறு பையாகத் துருத்தி நிற்கும் துணையறையில் உறைகட்டி உருவாகி, அது பெயர்ந்து மூளைக்குச் செல்லும் தமனியை அடைக்கிறது. தேங்கிய இரத்தத்தில் பிறக்கும் அக்கட்டி பெரும்பாலும் ஃபைப்ரின் என்னும் புரத இழைகளால் பின்னப்படுவது. ஆஸ்பிரினோ தட்டணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டுவதைக் குறைப்பது. ஆகவே, 2007இல் வெளியான தொகுப்பாய்வில், இரத்த உறைவுத் தடுப்பு மருந்தான வார்ஃபரின் பக்கவாதத்தை ஏறத்தாழ 64 விழுக்காடு குறைக்க, ஆஸ்பிரின் உள்ளிட்ட தட்டணுத் தடுப்பு மருந்துகள் 22 விழுக்காட்டோடு நின்றதில் வியப்பில்லை.

‘பலன் குறைந்தாலும் ஆஸ்பிரினால் இரத்தக்கசிவு நேராதே’ என்னும் சாக்கும் நிற்காது. 75 வயதை எட்டியவர்களிடம் பிரிட்டனில் நடந்த, அதே 2007இல் வெளியான ஆய்வில் வார்ஃபரினைவிட ஆஸ்பிரின் பாதுகாப்பானதாக இல்லை. வார்ஃபரின் ஒவ்வாதவர்களுக்கு அபிக்ஸபான் என்னும் புதிய உறைவுத் தடுப்பு மருந்தையும் ஆஸ்பிரினையும் ஒப்பிட்ட 2011ஆம் ஆண்டு ஆய்வில், அபிக்ஸபான் பக்கவாதத்தைப் பாதிக்கும் மேல் குறைத்தும் பெரிய இரத்தக்கசிவுகள் குறிப்பிடத்தக்க அளவு கூடவில்லை. முதியவருக்கு ‘மென்மையான மருந்து’ என்று ஆஸ்பிரினைத் தருவது அவரைக் காப்பதாகாது. மாரடைப்புக்காகவோ ஸ்டென்ட் பொருத்தியதாலோ அதை உட்கொள்பவர்களின் நிலை வேறு. அவர்கள் தாமாக நிறுத்தக் கூடாது.

படபடப்பு அடங்கியதும் உறைவுத் தடுப்பு மருந்தையும் விட்டுவிடலாம் என்பதும் தவறு. 2002இல் வெளியான ‘அஃபர்ம்’ ஆய்வில் பக்கவாதம் கண்டவர்களில் பெரும்பாலோர் வார்ஃபரினை நிறுத்தியவர்கள் அல்லது போதிய அளவில் பெறாதவர்கள். வார்ஃபரின் உட்கொள்பவர்கள், மருந்தின் வேலையைக் கெடுக்கும் என்று அஞ்சிக் கீரையை ஒதுக்க வேண்டியதில்லை, உண்ணும் அளவு நாளுக்கு நாள் பெரிதும் மாறாதிருந்தால் போதும். புதிய மருந்தே எவர்க்கும் மேல் என்பதும் பொருந்தாது: ருமாட்டிக் காய்ச்சலால் இதய வால்வு பழுதுற்றவர்களிடம் புதிய மருந்தான ரிவராக்ஸபானைவிட வார்ஃபரின் வகை மருந்துகளே சிறந்தவை என்று 2022இல் தெளிவாயிற்று.

இத்தனை மருந்துகள் இருந்தும், அறிகுறியின்றி இருக்கும் கோளாறு பக்கவாதத்துக்குப் பிறகே பலரிடம் தெரியவருவது பொறுக்கத்தக்கதன்று. உயர் இரத்த அழுத்தமே இக்கோளாற்றுக்கு முக்கியக் காரணங்களுள் ஒன்றாக இருக்க, தமிழ்நாட்டில் 2021 முதல் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் இரத்த அழுத்த மருந்தோடு வீடு தேடி வரும் பணியாளர், 65 வயதைக் கடந்த ஒவ்வொருவரின் மணிக்கட்டிலும் ஒரு முழு நிமிடம் விரல் வைத்து நாடியின் சீரைப் பார்க்கவும், சீரற்றிருந்தால் அன்றே ஈ.சி.ஜி.க்கு அனுப்பவும் பயிற்றப்பட வேண்டும். நாடி பார்க்கக் கருவியும் தேவையில்லை, செலவும் இல்லை.